யாங்கீஸ் மைனர் லீக் ஷார்ட்ஸ்டாப்புகள்: லொம்பார்டையும் அரியாஸையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

கேள்வி

நியூயார்க் யாங்கீஸ் அணியின் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழான பயிற்சி லீக்) கிளைகளில் வளர்ந்துவரும் ஷார்ட்ஸ்டாப்புகளை, அதாவது பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று தற்காக்கும் வீரர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். இப்போது பேச்சில் அதிகம் அடிபடும் பெயர் ஜார்ஜ் லொம்பார்ட் ஜூனியர். 2023 டிராஃப்டின், அதாவது அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் சுற்றில் 26ஆவது தேர்வாக வந்தவர். தந்தையும் மேஜர் லீக்கில் ஆடியவர். லொம்பார்டுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 2022 ஜனவரியில், டொமினிக்கன் குடியரசிலிருந்து 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தொகை பெற்று வந்தவர் ரோடெரிக் அரியாஸ். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். அரியாஸ் சில மாதங்கள் மட்டுமே மூத்தவர்.

லொம்பார்ட் 2025இல் ஹட்சன் வேலி அணிக்காக .300க்கும் மேலான அடிச் சராசரியுடன் (பத்து முறையில் மூன்றுக்கும் மேல் ஹிட்) ஆடிவிட்டு, டபுள் ஏ நிலையில் (கீழிருந்து லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்பது வரிசை) உள்ள சாமர்செட்டுக்கு உயர்ந்ததும் .220க்கும் கீழே இறங்கினார். ஆனாலும் தரவரிசைப் பட்டியல்களில் அவருடைய இடம் அசையவில்லை. அரியாஸோ அதற்கும் இரண்டு படி கீழே உள்ள டாம்பாவிலேயே தடுமாறியபோது மதிப்பீடு வேகமாகச் சரிந்தது. இருவரின் சராசரியும்தான் வீழ்ந்தது. ஒருவருக்கு மட்டும் ஏன் இந்தப் பொறுமை?

இதற்குப் பின்னால் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் கோரி சீகர், கார்லோஸ் கொரேயா போன்ற பெரிய ஷார்ட்ஸ்டாப்புகள் ஃப்ரீ ஏஜென்டுகளாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவர்களாக) இருந்தும் யாங்கீஸ் அவர்களை வாங்கவில்லை. மைனர் லீக்கிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புகளான ஆன்டனி வோல்பியும் ஓஸ்வால்ட் பெராசாவும் வருகிறார்கள் என்ற நம்பிக்கையே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அன்று அந்த இருவரையும் ஒப்பிட்டுப் பலர் எழுதியவற்றை இன்று திரும்பப் படித்தால், கணிப்புகளில் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. அதே தவறு லொம்பார்ட் விஷயத்திலும் நிகழ்கிறதா? எந்த எண்ணை நம்புவது, எதை ஒதுக்குவது என்பதைக் கவனமாகப் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் கேள்வியின் விடை பெரும்பாலும் வயதுக்கும் ஆடும் நிலைக்கும் உள்ள உறவில் இருக்கிறது. லொம்பார்ட் 2005 ஜூன் 2 அன்று பிறந்தவர். சாமர்செட்டுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. சாமர்செட் ஆடும் ஈஸ்டர்ன் லீக்கில் அவர் எதிர்கொண்ட பிட்சர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பேஸ்பாலை முடித்து, மைனர் லீக்கிலும் இரண்டு மூன்று பருவங்களைக் கடந்து, பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் வீச்சை நினைத்த இடத்தில் போடக் கற்றவர்கள். அந்த வயதில் அந்த நிலையில் சராசரி இறங்குவது இயல்பானது. நாம் பார்க்க வேண்டியது, இறங்கும்போது அவர் எதைக் கைவிட்டார் என்பதை. லொம்பார்ட் வாக் எடுப்பதை, அதாவது நான்கு தவறான பந்துகளை விட்டு முதல் பேஸை இலவசமாகப் பெறுவதை, கைவிடவில்லை. ஸ்டிரைக் மண்டலத்துக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தாமல் விடும் நிதானம் சராசரி சரிந்த வாரங்களிலும் அவரிடம் இருந்தது. அரியாஸிடம் வலுவும் வேகமும் உண்டு, இரு பக்கமும் நின்று அடிக்கும் திறனும் உண்டு. ஆனால் 2024இல் டாம்பாவில் ஆடியபோதே அவருடைய ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்குகளில் ஆட்டமிழப்பது) எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தது. லோ ஏ நிலையில் பந்தைத் தொடுவதே சிரமமாகும் ஒருவருக்கு மேலே போகப் போக அது எளிதாவதில்லை. ஆகவே பட்டியல் தயாரிப்பவர்கள் ஒருவருக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சராசரி என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

வோல்பியின் கதை இதையே இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2019இல் டிராஃப்டான ஆண்டு புலாஸ்கி என்ற கீழ்நிலை அணியில் அவருடைய சராசரி .215. அதை வைத்து அவரைத் தள்ளியவர்கள், 2021இல் இரண்டு நிலைகளிலும் சேர்த்து .294 சராசரியும் 27 ஹோம் ரன்களும் வந்தபோது வாயடைத்துப்போனார்கள். 2022இல் 21 ஹோம் ரன், 50 ஸ்டீல் (பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) என்று பார்க்க அழகான எண்கள் தொடர்ந்தன. ஆனால் அந்த ஆண்டின் கடைசி மாதத்தை எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்கள்? டிரிபிள் ஏ நிலையில் ஸ்க்ரான்டனுக்காக அவர் ஆடியவை 22 ஆட்டங்கள் மட்டுமே; அவற்றில் 30 ஸ்டிரைக் அவுட். ஏறத்தாழ பத்து வாய்ப்புகளில் மூன்று. 2023இல் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் நன்றாக ஆடி நேராக மேஜர் லீக் அணிக்குப் போனார்; .209 சராசரி, 167 ஸ்டிரைக் அவுட். ஸ்க்ரான்டனில் தெரிந்த அதே விகிதத்துக்கு மிக அருகில்தான் அது நின்றது. 22 ஆட்டங்கள் சிறிய மாதிரி என்பதை ஏற்கிறேன். ஆயினும், ஒரு வீரர் கடைசியாக ஆடிய மிக உயர்ந்த நிலையின் ஸ்டிரைக் அவுட் விகிதத்தை, கீழ்நிலைகளில் குவித்த ஹோம் ரன்களைவிட முன்னால் வைத்துப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டீல் எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை. பிட்சர் முதல் பேஸை நோக்கி வீசும் முறைகளுக்கான கட்டுப்பாடும் பெரிய பேஸ்களும் மேஜர் லீக்கில் 2023இல்தான் வந்தன. மைனர் லீக் அதற்கு முன்பே அவற்றைச் சோதித்துப் பார்த்த களம். ஆகவே 2021க்குப் பிந்தைய 30, 40 ஸ்டீல்களைப் பத்தாண்டுகளுக்கு முன் ஆடியவர்களின் எண்களோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், நமக்குக் கிடைக்கும் தரவுகளே சீராக இல்லை. டாம்பா ஆடும் ஃப்ளோரிடா ஸ்டேட் லீக்கிலும் டிரிபிள் ஏயிலும் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் முதலிய அளவீடுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. இடையில் உள்ள ஹட்சன் வேலிக்கும் சாமர்செட்டுக்கும் அப்படியில்லை. அரியாஸின் குறைகளை ஒவ்வொரு பந்தாக நம்மால் எண்ண முடிகிறது. லொம்பார்டைப் பற்றி டபுள் ஏயில் நமக்குத் தெரிவது ஸ்கோர் அட்டையும் நேரில் பார்த்தவர்களின் குறிப்பும் மட்டுமே. இதுவும் பேச்சைச் சற்றுச் சாய்க்கிறது.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் மட்டையைப் பற்றிச் சொன்னவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஷார்ட்ஸ்டாப்பை ஒப்பிடும் உரையாடலில் தற்காப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் அந்த இடத்திலேயே நிலைப்பார் என்றால் அவருடைய .240 சராசரி ஓர் அணிக்குச் சொத்து. இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ நகர்த்தப்படுவார் என்றால் அதே .240 அவருக்கு நிரந்தர இடம் தராது. கிளேபர் டோரஸை 2020இல் ஷார்ட்ஸ்டாப்பாக்கி, 2021 செப்டம்பரில் மீண்டும் இரண்டாம் பேஸுக்கே அனுப்பிய அணி இது.

தற்காப்பை அளக்கும்போது பலர் எரர் (தற்காப்பில் செய்யும் பிழை) எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இளம் வீரர்களிடம் இதைவிட மோசமாக வழிதவறச் செய்யும் எண் வேறில்லை. டெரக் ஜீட்டர் 1993இல் கீழ்நிலை அணியான கிரீன்ஸ்பரோவில் 126 ஆட்டங்களில் 56 எரர் செய்தார்; மூன்றே ஆண்டுகளில், 1996இல், யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப்பாக ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வென்றார். எட்ட முடியாத பந்தை எட்டாமலே விடுபவருக்கு எரர் பதிவாவதில்லை. பாய்ந்து எட்டிவிட்டு அவசரத்தில் தவறாக வீசுபவருக்குப் பதிவாகிறது. அதோடு லோ ஏ மைதானங்களின் தரையும், முதல் பேஸில் நிற்கும் அனுபவமற்ற பையனும் அந்தக் கணக்கில் பங்கு பெறுகிறார்கள்.

நான் காணொளிகளில் முதலில் தேடுவது பந்து மட்டையில் படும் கணத்தில் எடுக்கும் முதல் அடியை. அது சரியான திசையில் விழுகிறதா, இடுப்பு தாழ்ந்து இருக்கிறதா, பந்தைக் கையுறையிலிருந்து வெறுங்கைக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, மூன்றாம் பேஸ் பக்கம் ஆழமாகப் போய்ப் பிடித்தபின் நின்று காலூன்றாமல் வீச முடிகிறதா என்பவற்றைப் பார்ப்பேன். இந்த அளவுகோலில் 2022இல் பெராசாவே மேலானவர் என்பது ஏறக்குறைய ஒருமித்த கருத்து. அவருடைய கை வலு வோல்பியினுடையதைவிடத் தெளிவாக அதிகம். வோல்பி கடைசியில் இரண்டாம் பேஸுக்குப் போவார் என்று எழுதியவர்கள் பலர். நடந்தது வேறு. 2023இல் சிறந்த தற்காப்புக்கான கோல்டு குளோவ் விருதை வென்ற முதல் யாங்கீஸ் புதுமுகம் ஆனார் வோல்பி. கை வலுவின் குறையை முதல் அடியின் துல்லியத்தாலும் வேகமான பந்து மாற்றத்தாலும் ஈடுகட்டினார். 2025இல் இடது தோள் காயத்தோடு ஆடியபோது அவர் செய்த 19 எரர்களை வைத்து அந்த விருதே தவறு என்று இப்போது சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. அக்டோபரில் அறுவை சிகிச்சை தேவைப்பட்ட தோள் அது.

லொம்பார்டிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கை வலுவும் இருக்கிறது, முதல் அடியும் இருக்கிறது. உயரமான உடல் இன்னும் நிரம்பும்போது பக்கவாட்டு நகர்வு குறையுமா என்ற கேள்வி மட்டும் திறந்தே நிற்கிறது. அரியாஸின் கை வலு அவரைவிடக் குறைந்ததில்லை, ஒருவேளை கூடுதலே. ஆனால் மட்டையில் தடுமாறும் வாரங்களில் அவருடைய வீச்சுகளும் சிதறுவதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்டிரைக் அவுட் விகிதத்தை நிலைவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. பெராசா 2022இல் ஸ்க்ரான்டனில் 19 ஹோம் ரன், 33 ஸ்டீல் என ஆடி, செப்டம்பரில் மேலே வந்து 18 ஆட்டங்களில் .306 அடித்தவர், தற்காப்பிலும் முன்னால் இருந்தவர். அப்படியானால் அவருக்கு ஏன் உண்மையான வாய்ப்பே கிடைக்கவில்லை?

மறுமொழி 3

அதற்கு விடை ஆட்டத்துக்கு வெளியே, ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. இளம் வீரர்களை ஒப்பிடும்போது பெரும்பாலோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெராசா 2016இல் வெனிசுவேலாவிலிருந்து 1,75,000 டாலருக்கு ஒப்பந்தமானவர். மற்ற அணிகள் ரூல் 5 டிராஃப்டில் (பிற அணிகள் காக்காமல் விட்ட மைனர் லீக் வீரர்களை எடுக்கும் தேர்வில்) எடுத்துக்கொள்ளாமல் காக்க, 2021 நவம்பரில் அவரை அணியின் முதன்மைப் பட்டியலான நாற்பது பேர் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலில் உள்ளவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவைக்க ஓர் அணிக்குப் பொதுவாக மூன்று பருவங்களே உரிமை உண்டு. 2022, 2023, 2024 ஆகிய மூன்றும் அப்படியே தீர்ந்தன. அதில் 2024இன் தொடக்கம் தோள் காயத்தில் கரைந்தது. 2023இல் மேலே வந்த 52 ஆட்டங்களிலும் அதிகமாக மூன்றாம் பேஸில்தான் நின்றார், சராசரி .191. 2025இல் அவரைக் கீழே அனுப்ப வழியில்லாததால், தினமும் ஆடி மட்டையைச் சீர்செய்ய வேண்டிய வயதில் மாற்று வீரராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜூலை இறுதியில் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். வோல்பி அவரைவிடப் பத்து மாதங்களே இளையவர் என்றாலும், 2023 வசந்தத்தில் நாற்பது பேர் பட்டியலிலேயே இல்லை; அவருடைய மூன்று பருவ உரிமை தொடப்படாமல் முழுதாக இருந்தது. மேலும், உயர்ந்த தரவரிசையில் உள்ள புதுமுகத்தை முதல் நாளிலிருந்தே ஆடவைத்து அவர் சிறந்த புதுமுக விருது பெற்றால், அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு கிடைக்கும் என்ற விதி லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2022 ஒப்பந்தத்தில் வந்திருந்தது. அதனால்தான் வோல்பியைத் தேர்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தராசின் ஒரு தட்டில் அதுவும் இருந்தது.

டிரே ஸ்வீனியையும் நினைவில் வையுங்கள். 2021இன் முதல் சுற்றுத் தேர்வான அவர், முன்னால் வோல்பி நின்றதால் 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்து டெட்ராய்ட் சென்று 2024 அக்டோபரில் பிளேஆஃப் ஆட்டங்களில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார். யாங்கீஸ் பட்டியலில் மூன்றாவதாக எண்ணப்பட்டவர் வேறோர் அணிக்கு முதல்வராக முடிந்தது. ஆகவே லொம்பார்டையும் அரியாஸையும் ஒப்பிடும்போது யார் சிறந்தவர் என்பதோடு, இருவரின் ஒப்பந்தக் காலக்கெடுவின் கடிகாரமும் எப்போது ஓடத் தொடங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் ஒப்பந்தமான அரியாஸுக்கு அது முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டது. கீழ்நிலைகளில் கழியும் ஒவ்வொரு கூடுதல் மாதமும் அவரைப் பெராசா நின்ற அதே நெருக்கடியை நோக்கித் தள்ளுகிறது. லொம்பார்டுக்குச் சாமர்செட்டில் இன்னொரு முழு ஆண்டு கொடுத்தாலும் அணிக்கு எந்த இழப்பும் இல்லை. வோல்பிக்கு ஸ்க்ரான்டனில் மறுக்கப்பட்ட அந்த நிதானமான ஆண்டை இவருக்காவது கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.