பேரலில் 18 மாதமாகக் கிடக்கும் 160 லிட்டர் டீசல்: டிராக்டரில் ஊற்றலாமா?

வயலோரம் (திருவாரூர் மாவட்டம்)

200 லிட்டர் இரும்பு பேரலில் சுமார் 160 லிட்டர் டீசல் 18 மாதமாக இருக்கிறது. பங்கில் பிடித்த சாதாரண டீசல்தான். தகரக் கொட்டகையில் பேரலை நிமிர்த்தி வைத்தபடியே விட்டிருக்கிறோம். பெரிய மூடி இறுக்கமாக இருக்கிறது, சின்ன மூடியின் வாஷர் வெடித்திருக்கிறது. கொட்டகையில் ஒழுக்கும் உண்டு, இரண்டு அடைமழைக்காலம் போய்விட்டது. மேலாக எடுத்துப் பார்த்ததில் புது டீசலைவிடக் கொஞ்சம் கருப்பு, லேசாக வார்னிஷ் வாடை.

இருக்கும் வண்டிகள்: 42 எச்.பி. பழைய டிராக்டர் (பழைய முறை இன்லைன் டீசல் பம்பு), 5 எச்.பி. ஆயில் இன்ஜின், புதிதாக வாங்கிய 55 எச்.பி. சி.ஆர்.டி.ஐ. டிராக்டர் (டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் புது வகை). வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினால் போதும் என்கிறார் ஒருவர். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார் இன்னொருவர். லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பொருள், கொட்ட மனசு வரவில்லை. எதில் ஊற்றலாம், எப்படி ஊற்றலாம்? இனிமேல் எப்படிச் சேமிப்பது?

பம்புக்கொட்டகை

அண்ணே, முதலில் பேரலை உருட்டவோ சாய்க்கவோ வேண்டாம். டீசல் லிட்டர் 830 கிராம் அளவில்தான் இருக்கும். அதனால் தண்ணி, துரு, மண்டி எல்லாம் இப்போ அடியில் அமைதியாப் படிஞ்சிருக்கு. அசைச்சா எல்லாம் கலந்துடும், மறுபடி தெளிய ஒரு நாளாவது ஆகும்.

8 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் டியூபை நேரான குச்சியோடு சேர்த்துக் கட்டுங்க. மேல் வாயைக் கட்டைவிரலால் அடைச்சபடி பேரலின் அடி தட்டும்வரை இறக்கி, விரலை எடுங்க. டியூப் நிரம்பினதும் மறுபடி அடைச்சுத் தூக்குங்க. நாலஞ்சு தடவை எடுத்தா ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் நிரம்பிடும். இதே மாதிரி நடு உயரத்திலிருந்து இன்னொரு பாட்டில் எடுங்க. ரெண்டையும் நிழலில் 24 மணி நேரம் ஆடாம வைங்க.

நடு பாட்டிலுக்குப் பின்னாடி செய்தித்தாளைப் பிடிச்சா எழுத்து தெளிவாத் தெரியணும். நிறம் கருத்திருக்கிறது தனி விஷயம், மங்கலா இருக்கிறது தனி விஷயம். கருத்துத் தெளிவா இருந்தா காற்று பட்டுப் பழசானது. மங்கலா இருந்தா தண்ணி கலந்திருக்கு. அடி பாட்டிலில் கீழே தண்ணி, மேலே டீசல்னு ரெண்டு அடுக்குத் தெரியலாம். ரெண்டுக்கும் நடுவில் பாலாடை மாதிரி பழுப்பா, கருப்பா ஒரு ஏடு மிதக்குதான்னு உத்துப் பாருங்க. பாட்டிலை லேசாச் சாய்ச்சா அந்த ஏடு கிழிஞ்சு கிழிஞ்சு நகரும். அது துரு இல்லை, பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த சளி. தண்ணியில் உயிர் வாழ்ந்துக்கிட்டு டீசலைத் தின்னு வளரும். நம்ம ஊர் வெக்கை அதுக்கு ரொம்பத் தோது.

எவ்வளவு தண்ணின்னு தெரிய, பங்கில் அளவுகோலில் தடவுவாங்களே வாட்டர் பேஸ்ட், அதைக் கேட்டு வாங்கி ஒரு குச்சியின் அடி 10 செ.மீ.க்குத் தடவி இறக்குங்க. நிறம் மாறின உயரம்தான் தண்ணியோட உயரம். இந்தப் பேரலில் ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கணக்கு.

காவிரிப்படுகை

மேலே சொன்ன சோதனையைச் செய்யாமல் எந்த வண்டியிலும் ஊற்ற வேண்டாம். சோதனையில் நடு டீசல் தெளிவாக வந்தாலும் 55 எச்.பி. வண்டிக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. 2023 ஜனவரி 1 முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததால்தான் இந்த வகை இன்ஜின்கள் நம் வயலுக்கு வந்தன. பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். சி.ஆர்.டி.ஐ.யில் அது ஆயிரம் பாரைத் தாண்டும். உள்ளே உரசும் பாகங்களுக்கு எண்ணெயே டீசல்தான். அங்கே தண்ணீர்த் துளியோ, டீசல் பழசானால் அதில் உருவாகும் பிசின் போன்ற கோந்தோ போனால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்தே போகும். அந்தச் செலவுக்கு முன்னால் உங்கள் 160 லிட்டரின் விலை ஒன்றுமே இல்லை.

42 எச்.பி.க்கு ஒரு பங்கு பழசு, மூன்று பங்கு புதுசு. ஆயில் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், அதற்குப் பாதிக்குப் பாதி ஊற்றலாம். கலந்ததை மறுபடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், இறைப்பும் உழவும் நடக்கும் நேரமாகப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் மாதிரி டீசலின் வீரியம் காற்றில் பறந்துபோவதில்லை. எரிவதில் பெரிய குறை இருக்காது. தொந்தரவு கொடுப்பது அதில் சேர்ந்திருக்கும் தண்ணீர், சளி, கோந்து மூன்றும்தான்.

வேட்டித் துணி தூசியைத்தான் நிறுத்தும். அதன் கண் பில்டர் பேப்பரின் கண்ணைவிடப் பல மடங்கு பெரிது. பொடித் துளியாக இருக்கும் தண்ணீரும் டீசலில் கரைந்துவிட்ட கோந்தும் அதன் வழியே போய்விடும். துணியின் நூல் வேறு உதிர்ந்து சேரும். மண்ணெண்ணெய் சேர்த்தால் வழுவழுப்புக் குறைந்து பம்பு தேயும், பழைய டீசலும் புதிதாகாது. பெட்ரோல் கலப்பது தீ ஆபத்து. 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றுவோரும் உண்டு, அது கோந்தைக் கரைக்காது.

பில்டர் ஒரு செட் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். வண்டி ஐடிலில் நன்றாக ஓடி, கலப்பையை இறக்கினதும் மூச்சு வாங்கினால் பில்டர் அடைக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையிலேயே ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டாதீர்கள்.

பில்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். பில்டர் மேலுள்ள ஏர் திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை நுரை நின்று முழு டீசல் வரும்வரை அடியுங்கள். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்தது டீசல் பம்பின் ஏர் திருகு, அதே முறை. அப்புறமும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் துள்ளியதும் இறுக்கவும். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். தெறிக்கும் இடத்தருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நெல்மூட்டை

சேமிப்பு பற்றி நான் சொல்கிறேன். பகலில் தகரத்துக்கு அடியில் பேரல் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும். இரவில் ஆறும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஓட்டை வாஷர் இருந்தால், மூடியைச் சுற்றித் தேங்கிய மழைத்தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். பேரலைப் படுக்கவைத்தால் இரண்டு மூடியும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் வரட்டும். அப்போது இரண்டும் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், காற்று உள்ளே போகாது. நிமிர்த்திதான் வைக்க வேண்டுமென்றால் அடியில் ஒரு பக்கம் செங்கல் கொடுத்து லேசாகச் சாய்த்து, மேலே விழும் தண்ணீர் மூடி இல்லாத ஓரமாகத் தேங்கும்படி செய்யுங்கள். தரையில் நேராக வைக்காமல் மரக்கட்டை மேல் வையுங்கள்.

காலியிடம் அதிகம் இருந்தால் ஈரமும் அதிகம். ஆனால் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. 200 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் 3 லிட்டருக்கு மேல் விரியும். 190 லிட்டரோடு நிறுத்துவது நல்லது. செம்பு, பித்தளை, நாகம் பூசிய ஜி.ஐ. பாத்திரமோ குழாயோ வேண்டாம், இந்த உலோகங்கள் பட்டால் கோந்து சீக்கிரம் உருவாகும்.

6 மாதத்துக்கு மேல் வைக்காதபடி வாங்குங்கள். பேரல் மேல் வாங்கிய தேதியைப் பெயின்ட்டில் எழுதுங்கள், பழசு முதலில் போகட்டும். டிராக்டர் டேங்கையும் சாயங்காலமே நிரப்பி நிறுத்துங்கள், இரவில் உள்ளே வியர்க்காது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பு. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமலும் எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாமலும் இருந்தால் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை.

வயலோரம்

செய்து பார்த்தேன். பேஸ்ட் 2 செ.மீ. உயரத்துக்கு நிறம் மாறியது, அப்படியானால் 5 லிட்டர் தண்ணீர். நடு பாட்டில் கருத்திருக்கிறது, ஆனால் எழுத்து நன்றாகத் தெரிகிறது. அடி பாட்டிலில் அந்த ஏடு மெல்லிசாக இருக்கிறது, பழுப்பு நிறம். மேல் டீசலை எடுக்கலாமா?

பம்புக்கொட்டகை

எடுக்கலாம் அண்ணே. கைப்பம்பு குழாயின் வாய் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே நிற்கிற மாதிரி கட்டிக்கங்க, வேகமா அடிக்காதீங்க. கீழே 25 லிட்டர் போல நின்னுடும், மேலே 135 லிட்டர் கிடைக்கும். அதைச் சுத்தமான, காய்ந்த 20 லிட்டர் கேன்களில் பிடிச்சு இன்னொரு நாள் வைங்க. ஊற்றும்போது ஒவ்வொரு கேனிலும் கடைசி ஒரு லிட்டரை விட்டுடுங்க.

ஏடு இருக்கிறதால, மேல் டீசலிலும் கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் கிருமி இருக்கும். அதனால முதலில் ஆயில் இன்ஜினில் ஓட்டிப் பில்டரைப் பாருங்க, பிறகு டிராக்டருக்குப் போங்க. கிருமியைக் கொல்லும் பயோசைடு மருந்து கிடைச்சா லேபிளில் போட்ட அளவுக்கு மேல் ஊத்தாதீங்க. செத்த சளியும் பில்டரைத்தான் அடைக்கும், அதனால மருந்து போட்டாலும் தண்ணியையும் மண்டியையும் எடுத்தே ஆகணும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதையும் போட்டுடாதீங்க.

காவிரிப்படுகை

அடியில் நிற்கும் 25 லிட்டரைத் தனி கேனில் எடுத்து ஒரு வாரம் தெளியவிட்டால் மேலே கொஞ்சம் தெளிந்த டீசல் நிற்கும். அதை இன்ஜினுக்கு எடுக்காமல் செயின், பேரிங், கலப்பை போல்ட் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கலங்கலை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ கொட்ட வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் கெடும். ஒர்க்‌ஷாப்பில் வேஸ்ட் ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

காலிப் பேரலை அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, இரண்டு வாஷரையும் மாற்றிய பிறகே புது டீசல் பிடியுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும்போது அடியில் துரு செதில் செதிலாக இருந்தால் அந்தப் பேரல் இனி டீசலுக்கு ஆகாது. அப்படியானால் தொட்டியாக வெட்டிக்கொள்ளலாம் என்று வெல்டிங் பட்டறைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். காலியாகத் தெரியும் பேரலுக்குள் ஆவி நிற்கும், கேஸ் கட்டரின் தீ பட்டதும் வெடிக்கும்.