2147483647 பகா எண் என்பதை ஆய்லர் எவ்வாறு நிறுவினார்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பிற்குக் கணிதம் கற்பிக்கிறேன். 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 2147483647 ஒரு பகா எண் என்று 1772-இல் ஆய்லர் நிறுவியதை வகுப்பில் கூறினேன். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்த்தாரா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். கணினி அப்படித்தான் சொல்கிறது என்று கூறி அவளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குப் புரியும்படி காரணம் கூற இயலுமா?

செங்கோட்டை வாசகர்:
இயலும், அம்மா. q என்னும் பகா எண் இதை வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2-இன் 31-ஆம் அடுக்கை q-ஆல் வகுத்தால் மீதி 1. அடுக்கை ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே போனால் மீதி 1 சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். 31 பகா எண் ஆதலால் அந்த இடைவெளி 31-ஆகத்தான் இருக்க முடியும். ஆனால் q−1 ஆம் அடுக்கிலும் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். எனவே q−1 என்பது 31-இன் மடங்கு. q ஒற்றை எண் என்பதால் 62-இன் மடங்கும்கூட. 46340 வரை அத்தகைய எண்கள் 747 மட்டுமே, அவற்றிலும் பல பகு எண்கள்.

களியக்காவிளையிலிருந்து:
ஆய்லர் இன்னும் ஒரு படி சென்றார். 2-இன் 32-ஆம் அடுக்கை q-ஆல் வகுத்தால் மீதி 2. அந்த அடுக்கோ 2-இன் 16-ஆம் அடுக்கின் வர்க்கம். ஒரு வர்க்கத்தின் மீதியாக 2 வரவேண்டுமானால், ஒற்றைப் பகா எண்ணான q-வை 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி வந்தாக வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால் q என்பது 248k+1 அல்லது 248k+63 என்ற வடிவில்தான் அமையும். 1-ஐயும் 63-ஐயும் விட்டுவிட்டால் எஞ்சுவன 372 எண்கள். அவற்றுள் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. அக்காலத்தில் அவர் ஏறத்தாழ முற்றிலும் பார்வை இழந்திருந்தார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் வரை இதனினும் பெரிய பகா எண் எதுவும் அறியப்படவில்லை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. 8-ஆல் வகுக்கும் நிபந்தனைக்கான நிரூபணம் பத்தாம் வகுப்பிற்குக் கடினம் என்று தோன்றுகிறது.

செங்கோட்டை வாசகர்:
அதை விட்டுவிடலாம். 62-இன் மடங்கு என்ற வாதமே முழுமையான நிரூபணத்திற்குப் போதுமானது. வேலைதான் சற்றுக் கூடும். முதலில் 11-ஆம் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 2047 = 23 × 89. இரண்டுமே 22-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்கள். அடுத்து 23-ஆம் அடுக்கின் 8388607-ஐக் கொடுத்து, 46-இன் மடங்குகளோடு 1 கூட்டி வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் எண்ணான 47 மீதியின்றி வகுக்கும்; ஈவு 178481. அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் இவ்விரண்டிலிருந்தே அவர்கள் கண்டுகொள்வார்கள்.