பள்ளமான மூலையை நிரப்பலாமா? எல்லோருக்குமான பூங்கா குறித்து ஆலோசனை தேவை

பகுதிவாசி (கேள்வி)

வீடுகள் பெருகிக்கொண்டே வரும் எங்கள் குடியிருப்பில், பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலத்தை எப்படி வடிவமைப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். நிலத்தின் ஒரு மூலை பள்ளமாக இருப்பதால் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்குகிறது. மண் கொட்டி அதை மேடாக்கி, முழுவதையும் விளையாட்டுத் திடலாக்கலாம் என்கிறார்கள் ஒரு சாரார். மரங்களை மட்டும் நட்டால் போதும் என்கிறார்கள் மற்றவர்கள். முதியோர், சக்கர நாற்காலியில் வருவோர், பார்வையற்றோர், குழந்தைகள் என எல்லோரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதிலும், பத்து ஆண்டுகள் கழித்தும் பூங்கா நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதிலும் எல்லோரும் உடன்படுகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

நிலவரைவு

நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் மட்ட அளவீட்டிலிருந்து தொடங்குங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் கைக்கு வரும் வரை ஊஞ்சலைப் பற்றியும் பேச வேண்டாம், மரத்தைப் பற்றியும் பேச வேண்டாம். சக்கர நாற்காலி எங்கே ஏறும், தண்ணீர் எங்கே இறங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த ஒரே வரைபடத்தில்தான் இருக்கிறது.

பள்ளத்தைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள். நிரப்பினால் அந்தத் தண்ணீர் மறைந்துவிடாது. அடுத்த தெருவுக்குப் போய் நிற்கும். 2011 ஜூலையில் கொட்டிய பெருமழையில் தத்தளித்த கோபன்ஹேகன் நகரம், எங்ஹாவே பூங்காவைச் சுமார் 22,000 கன மீட்டர் மழைநீரைத் தாங்கும்படி திருத்தியமைத்து 2019இல் மீண்டும் திறந்தது. சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாய், 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளியும் ஆறாக 2012க்குள் மாற்றப்பட்டது. உங்கள் மூலையும் மழை நாளில் நீரை வாங்கிக்கொண்டு, மற்ற நாட்களில் புல்வெளியாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாட்களுக்குள் நீர் வடிந்துவிட வேண்டும்; அதற்கு மேல் நின்றால் கொசு பெருகும்.

முதன்மைப் பாதையை மேட்டுப் பகுதியிலேயே கொண்டுபோங்கள். 20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாத சரிவாக இருந்தால் தனியாகச் சாய்தளம் கட்ட வேண்டியதில்லை. வேறு வழியில்லாத இடத்தில் 12க்கு 1 என்ற சரிவு வரை போகலாம், ஆனால் கைப்பிடியும் இடையிடையே சமமான இளைப்பாறு தளமும் கட்டாயம். நீர் ஊற வேண்டும் என்பதற்காகப் பாதையில் சரளைக்கல்லைப் பரப்பிவிடாதீர்கள். சிறு சக்கரங்கள் அதில் புதைந்து நின்றுவிடும். நீரை உள்ளே விடும் கான்கிரீட் கற்களை மிகக் குறுகிய இடைவெளியுடன் பதிப்பது இரண்டுக்கும் பொருந்தும்.

சக்கரப் பயணி

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் நான் பல பூங்காக்களில் வாசலிலேயே திரும்பியிருக்கிறேன். இருசக்கர வாகனங்கள் நுழையாமலிருக்க வைக்கும் வளைவுத் தடுப்புகள் சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. தூண்களுக்கு இடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் விடுங்கள். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் பாதைக்கு 1.8 மீட்டர் அகலம் வேண்டும்.

இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்குமளவுக்குத் தளம் போட்ட வெற்றிடம் விடுங்கள். அது இல்லையென்றால் உடன் வந்தவர் இருக்கையில் அமர, நான் நடைபாதையின் குறுக்கே நின்று பேச வேண்டியிருக்கிறது. எல்லா இருக்கைகளுக்கும் முதுகுச் சாய்வும் கைப்பிடியும் இருக்கட்டும். முழங்கால் வலியுள்ளவர் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்வது அந்தக் கைப்பிடியைத்தான். கழிப்பறைக் கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். அதைப் பூட்டிச் சாவியை ஒருவர் கையில் கொடுத்து வைக்கக் கூடாது.

காலாலும் கைத்தடியாலும் தடவி வழியறிய உதவும், பார்வையற்றோருக்கான புடைப்புக் கற்கள் 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை. அவை பதித்த வரிசையின் மீதே குப்பைத்தொட்டியை வைக்கும் வழக்கம் இன்றும் ஓயவில்லை.

மாலைநடை

வளரிளம் பெண்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. வியன்னாவில் 1990களில் ஆராய்ந்தபோது, ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமியர் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதும், சிறுவர்களிடம் அப்படியொரு குறைவு இல்லாததும் தெரிந்தது. சுற்றிலும் கம்பிவேலி போட்ட ஒரே பெரிய கூண்டுத் திடலில் இடத்துக்காகப் போட்டியிட வேண்டிய நிலையில், பெண் குழந்தைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1999 முதல் இரண்டு பூங்காக்களில் திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகளைக் கூட்டி, பார்வைக்குத் திறந்ததாக மாற்றிய பின் அவர்கள் திரும்பி வந்தார்கள். எனவே திடல் வேண்டும் என்போரிடம், யாருக்கான திடல் என்று கேளுங்கள்.

விளக்கு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கண்ணைக் கூச வைக்கும் உயரமான விளக்கு ஒன்று பக்கத்திலேயே கரிய நிழலை உண்டாக்கும். தாழ்வான, ஒரே சீரான விளக்குகள் பாதை நெடுக இருந்தால் எதிரே வருபவரின் முகம் தெரியும். நீர் தேங்கும் மூலையைப் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் இருட்டாகவே விட்டுவிட்டு, இரவுப் பாதையை அங்கிருந்து விலக்கிப் போடலாம்.

வேர்மண்

பராமரிப்பு பற்றி ஒன்று. மண்ணுக்குரிய மரங்களானாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்; அதற்கு ஆளும் குழாயும் இல்லாமல் நட்டவை பெரும்பாலும் முதல் கோடையிலேயே கருகும். குழந்தைகள் விளையாடும் இடத்தருகே அரளி வேண்டாம், அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. குழாய் செல்லும் தடத்தை வரைபடத்தில் இப்போதே குறித்துவிடுங்கள். பாதை போட்ட பிறகு தோண்டி மூடினால், அந்த ஒட்டு அடுத்த மழையிலேயே அமிழ்ந்து சக்கரங்களைத் தடுக்கும்.