டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு: எங்கே தங்கலாம், பன்னீர் திராட்சை எப்படி வாங்குவது?

மார்த்தாண்டம்_வாசி:
டிசம்பர் மூணாவது வாரம் கார்ல குடும்பத்தோட ரெண்டு நாள் போறோம். கிறிஸ்துமஸுக்கு 20 கிலோ பன்னீர் திராட்சை தோட்டத்துலயே வாங்கணும். அப்போ பழம் கிடைக்குமா? நசுங்காம கொண்டுவர என்ன வழி? ஜூன்ல தங்கச்சிக்கு அங்க வேலை மாற்றம் வருது. வாடகைக்கு எந்த ஊர் தோது?

சுருளிப்பட்டி_பந்தல்:
அண்ணே, இங்க வருஷம் பூரா பழம் உண்டு, ஆனா ஒரே தோட்டத்துல இல்ல. கவாத்து, அதாவது கொடியோட கிளையை வெட்டி விடுறது, முடிஞ்ச நாள்ல இருந்து ஏறக்குறைய 120 நாள்ல அறுப்பு. டிசம்பர் 20-ல பழம் வேணும்னா ஆகஸ்ட் 20 வாக்குல கவாத்து முடிச்ச தோட்டமா இருக்கணும். அதனால போன்ல "பழம் இருக்கா"ன்னு கேக்காம "கவாத்து எப்ப"ன்னு கேளுங்க. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் எல்லாம் திராட்சைப் பந்தல் ஊர்தான்.

கவனிக்க வேண்டியது மழை. பழுக்கிற சமயத்துல மழை பிடிச்சா பழம் தண்ணி இழுத்து வெடிக்கும், பன்னீருக்குத் தோல் மெல்லிசு. வெடிச்ச ஒண்ணு கொத்தையே புளிக்க வெச்சிரும். கொஞ்ச நாள் நல்லா வெயில் அடிச்ச பிறகு அறுத்ததை வாங்குங்க.

கொத்தைத் தூக்கி லேசா ஆட்டிப் பாருங்க. பொலபொலன்னு உதிர்ந்தா அறுத்து நாளாச்சு. காம்பு பச்சையா இருக்கணும். காம்போரம் சிவப்பா நிக்கிற பழம் புளிக்கும். வீட்ல வெச்சாலும் திராட்சை மேற்கொண்டு பழுக்காது. மேல தெரியிற வெள்ளைப் படலம் மருந்து இல்ல, பழத்தோட மெழுகு. கடைசியா மருந்து அடிச்சது என்னைக்குன்னு தனியா கேட்டுக்கோங்க.

தக்கலை_சாலை:
மக்கா, மதுரைக்குள்ள போக வேண்டாம். திருமங்கலத்துல திரும்பி செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், கம்பம். நாகர்கோவில்ல இருந்து சுமார் 340 கிமீ, ஏழு மணி நேரம். பஸ்னா மாட்டுத்தாவணியில இறங்கி ஆரப்பாளையம் போகணும், கம்பம் வண்டி அங்கதான். டிசம்பர் சபரிமலை சீசன். குமுளி ரோட்டுல வண்டி நகராது, கம்பத்துல ரூமும் சட்டுன்னு நிரம்பிரும். முன்னாடியே சொல்லி வைங்க, இல்லேன்னா சின்னமனூர்ல தங்குங்க. மேகமலைக்கு ஏறுற வழியும் அதுதான். சுருளி அருவியில தண்ணி கூடினா வனத்துறை குளிக்க விடமாட்டாங்க. காலையிலேயே கேட்டுட்டுப் போங்க.

பழத்தைக் கிளம்புற அன்னைக்கு விடியக்காலம் அறுக்கச் சொல்லுங்க. துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட்ல பேப்பர் விரிச்சு, ரெண்டு அடுக்குக்கு மேல வேண்டாம். கழுவாம ஏத்துங்க. ஈரம் இருந்தா வீடு சேருமுன்ன பூஞ்சை பிடிக்கும். டிக்கி சூட்டுல வேகும், பின் சீட்டுல வைங்க.

உத்தமபாளையம்_தெரு:
வாடகைக்குக் கம்பம் பஸ், கடை, ஆஸ்பத்திரிக்கு வசதி. தாலுகா ஆபீஸ் வேலைன்னா உத்தமபாளையம். தோட்டத்தை ஒட்டின வீடு பார்க்க அழகா இருக்கும். ஆனா மருந்து அடிக்கிற நாள்ல வாடை வீட்டுக்குள்ள வரும், சின்னப் பிள்ளைங்க இருந்தா ரெண்டு தெரு தள்ளிப் பாருங்க.

கிறிஸ்துமஸுக்கு 20 கிலோன்னதும் ஒயின் போடவோன்னு தோணுச்சு, அதனால ஒண்ணு சொல்றேன். லைசென்ஸ் இல்லாம வீட்ல ஒயின் போடுறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், கொஞ்சமா போட்டாலும். சாறா எடுங்க. உதிர்த்துக் கழுவி, கையால மசிச்சு, சின்னத் தீயில பத்து நிமிஷம் சூடாக்கி வடிகட்டுங்க. மிக்ஸியில அடிக்காதீங்க, விதை உடைஞ்சா சாறு கசக்கும்.