மறு: வார்டியன் கேஸ் – தமிழ் லேபிள்ல என்ன சொல் போடுறது?

வணக்கம் எல்லாருக்கும்,

இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் வரிசையா படிச்சிட்டுத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்ல (மலேசியா) நாம வைக்கப்போற ரப்பர் கண்காட்சிக்கு மலாய் வாசகம் முடிஞ்சிருச்சு, தமிழ் லேபிள்தான் இந்த ஒரு சொல்லுக்காக நிக்குது. என் ஓட்டு நாற்றுப்பேழைக்கு.

புதுசா சேர்ந்தவங்களுக்காக முதல்ல பொருள் என்னன்னு சொல்லிடுறேன். வார்டியன் கேஸ்னா, செடிய உயிரோட கப்பல்ல அனுப்புறதுக்கு கண்ணாடிக் கூரை போட்டு மூடின மரப்பெட்டி. 1829-ல லண்டன்ல நத்தானியேல் வார்டுன்னு ஒரு டாக்டர், ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவ ஈரமண்ணோட பாட்டில்ல போட்டு மூடி வச்சிருந்தாரு. பூச்சி வெளிய வர்றத பாக்கத்தான் வச்சது, ஆனா அந்த மண்ணுல பெரணியும் புல்லும் முளைச்சு தண்ணி ஊத்தாமலே வருசக்கணக்கா உயிரோட இருந்துச்சு. பகல்ல மண்ணு ஈரம் ஆவியாகி கண்ணாடியில படியுது, குளிர்ந்ததும் திரும்ப மண்ணுக்கே சொட்டுது, அவ்வளவுதான் சூட்சுமம். 1833-ல அதே மாதிரி மூடின ரெண்டு பெட்டியில செடி வச்சு சிட்னிக்கு கப்பல்ல அனுப்பிப் பாத்தாரு, செடிங்க நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சு, அங்க இருந்து ஆஸ்திரேலியா செடிங்களும் அதே பெட்டியில லண்டனுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் மேல்தட்டுல வச்ச செடி உப்புத்தண்ணி பட்டே கருகிப் போயிரும், நல்ல தண்ணிய கப்பல்ல மனுசனுக்கே அளந்துதான் குடுப்பாங்க, செடிக்கு யாரு ஊத்துறது.

இப்ப ஒவ்வொரு சொல்லா வர்றேன்.

> வார்டு பெட்டின்னே போட்டுடலாம், கண்டுபிடிச்சவர் பேரு நிக்கட்டும்.

தம்பி, நம்ம பள்ளிப் பிள்ளைங்க வார்டுன்னு படிச்சா ஆஸ்பத்திரி வார்டுன்னுதான் நினைக்கும். அத விடுங்க, அதுக்கு மேல ஒரு காரணம் இருக்கு. வார்டு கவனிச்சது பெரிய விசயம், அத யாரும் குறைக்கல, ஆனா அந்தப் பெட்டி உலகம் சுத்தினது லோடிஜஸ் மாதிரி நர்சரிக்காரங்க, கப்பல் கேப்டனுங்க, லண்டன்ல இருக்கிற கியூ தாவரவியல் தோட்டம், கொழும்பு சிங்கப்பூர் தோட்டக்காரங்க, கன்னுகள மண்ணுல வச்சு இறுக்கிக் கட்டின பேர் தெரியாத கையிங்க எல்லாம் சேர்ந்துதான். அறிவியல் வரலாறு சொல்ல வந்த இடத்துல ஒரே ஆள் பேர பொருளுக்கே வச்சிட்டா மத்த எல்லாரும் மறைஞ்சு போயிடுவாங்க. அவர் பேர கீழ விளக்கத்துல கட்டாயம் போடுவோம்.

> கண்ணாடிப் பெட்டி – எல்லாருக்கும் புரியும்.

புரியும் அக்கா, ஆனா கண்காட்சியில நாம காட்டுற மங்கு (ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்), பால் வெட்டுற உளி, பழைய செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எல்லாமே கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருக்கப்போவுது. எது பொருள் எது அலமாரின்னு பாக்குறவங்களுக்கு குழம்பும்.

பசுமைக்குடில் ஏற்கனவே வேற பொருளுக்குப் போயிருச்சு, அதத் தொட வேணாம். தாவரப்பேழை கிட்டத்தட்ட சரி, ஆனா உலர்த்தி ஒட்டி வைக்கிற செடி மாதிரிகள வைக்கிற பெட்டியையும் அப்படிச் சொல்லிடலாம், உயிரோட போனதுங்கிறது அதுல இல்ல.

ஹட்டன்ல இருந்து எழுதுற ஐயா சொன்ன தவறணைப் பெட்டி எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. இலங்கைத் தோட்டத்துல நாத்து மேடைக்கு தவறணைன்னுதான் சொல்றாங்க, உழைச்சவங்க வாயில இருந்து வந்த சொல்லு. ஆனா அதே சொல்லுக்கு கள்ளுக்கடைன்னும் அர்த்தம் இருக்கே, நம்ம பக்கத்துல இத முதல் தடவ பாக்குறவங்களுக்கு அதுவே பெரிய விளக்கமாகிடும். இலங்கைக் கண்காட்சின்னா நான் அதுக்கே ஓட்டு போடுவேன்.

> நாற்றுன்னா நெல்லு. பால்மரத்துக்கு கன்னுன்னுதானே சொல்வோம்?

உண்மைதான், தோட்டத்துல யாரும் ரப்பர் நாத்துன்னு சொன்னதில்ல. ஆனா கன்றுப்பேழைன்னு போட்டா மாட்டுக்கன்னு வந்து நிக்கும். மிளகா நாத்து, கத்திரி நாத்துன்னு வீட்டுலயே சொல்றோம், தமிழ்நாட்டுல மரக்கன்னு வளக்கிற இடத்துக்கும் நாற்றுப்பண்ணைன்னுதான் போர்டு வைக்கிறாங்க, அதனால நெல்லோட மட்டும் கட்டிப்போட வேணாம். எனக்கு அந்தச் சொல்லு ஏன் வேணும்னா, ஒரு இடத்துல முளைச்சு இன்னொரு இடத்துல நடுறதுக்காக இருக்கிறதுதான் நாத்து. இந்தப் பெட்டியோட வேலையும் அதேதான்.

> பேழைன்னா ஈமப்பேழை ஞாபகம் வருது, அதுவும் மியூசியத்துல.

இது நியாயமான பயம், ஆனா நோவாவின் பேழையும் பேழைதானே. தமிழ் பைபிள்ல அந்தச் சொல்லுதான், நம்ம ஊர் தேவாலயத்துக்குப் போற பிள்ளைங்களுக்கு அது நல்லாத் தெரியும், உயிருங்கள ஏத்திக்கிட்டு தண்ணியத் தாண்டினது. பெட்டின்னு சொன்னா டிரங்குப் பெட்டி, பணப்பெட்டி எல்லாம் வரும். பேழைன்னா உள்ள இருக்கிறத பத்திரமா மூடி வச்சிருக்குன்னு ஒரு கனம் இருக்கு. ஒண்ணு மட்டும் லேபிள்ல சேர்க்கணும்: செடியோட அந்த மண்ணுல பூச்சியும் நோயும் சேர்ந்து ஊர் மாறுச்சு. அதச் சொல்லாம பேழைய மட்டும் புகழ்ந்தா பாதி வரலாறுதான்.

அப்புறம் பழைய லேபிள் வரைவுல ரப்பர் பத்தின ஒரு வரிய மாத்தியே ஆகணும். "பிரேசிலிலிருந்து இந்தப் பெட்டியில் வந்தது"ன்னு இருக்கு. இல்லைங்க. 1876-ல ஹென்றி விக்கம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்ல தபாஜோஸ் ஆத்துப் பக்கத்துல இருந்து கொண்டு போனது சுமார் 70,000 விதை, செடி இல்ல. அங்கத்து பழங்குடிப் பெண்கள் பிரம்புல பின்னின கூடையில, காஞ்ச வாழையிலைய அடுக்கடுக்கா வச்சு அனுப்பினது. ரப்பர் விதையில எண்ணெய் சத்து, சில வாரத்துலயே முளைப்புத் திறன் போயிரும், கியூவுல முளைச்சது சுமார் 2,700 தான். பெட்டி வர்றது அதுக்கு அப்புறம்: அதே வருசம் 38 பெட்டியில சுமார் 1,900 கன்னு இலங்கைக்குப் போச்சு, ஹெனரத்கொடை தோட்டத்துல நட்டாங்க. 1877-ல 22 கன்னு சிங்கப்பூர் வந்துச்சு, அதுல 9 கோலகங்சாருக்கு, பேராக்ல பிரிட்டிஷ் ரெசிடெண்டா இருந்த ஹியூ லோவோட தோட்டத்துக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல இருந்து பக்கத்துல, மாவட்ட ஆபீஸ் கிட்ட இன்னைக்கும் ஒரு மரத்த அந்த ஒன்பதுல மிஞ்சினதுன்னு காட்டுறாங்களே, அதான். கூடை பின்னின பெண்களுக்கும் ஒரு வரி வேணும், கூடை இல்லாம பெட்டிக்கு வேலையே வந்திருக்காது.

மரப்பெட்டிக்குப் போய் இவ்வளவு விவாதமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அதே 1876 கோடையில லண்டன் சவுத் கென்சிங்டன்ல அறிவியல் கருவிகளுக்குன்னே ஒரு பெரிய கண்காட்சி நடந்துச்சு, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலின்னு பல நாடுங்க இரவல் குடுத்த சுமார் 20,000 பொருள், இப்ப இருக்கிற சயன்ஸ் மியூசியம் வளர்ந்ததுல அதுக்கும் பங்கு உண்டு. பித்தளைத் தொலைநோக்கி, தராசு, காத்துப் பம்பு எல்லாம் பளபளன்னு நிக்கும், அத நாடு நாடா பத்திரமா வச்சிருக்காங்க. இந்தப் பெட்டிய கியூ 1962 வரைக்கும் பயன்படுத்தியிருக்கு, ஆனா உடையுற வரைக்கும் உழைச்ச மரப்பெட்டிய யாரு எடுத்து வைப்பா, அதனால உலகத்துலயே மிஞ்சினது கொஞ்சம்தான். பேராக் மாநிலத்து மண்ண மாத்தினது அந்தப் பித்தளையவிட இந்தப் பலகைதான், அதுக்கு நம்ம மொழியில ஒழுங்கா ஒரு பேரு வேணும்னு நான் அடிச்சுக் கேக்குறேன்.

நம்ம தாத்தா பாட்டி கப்பல்ல வந்த கதைய இதே லேபிள்ல சேர்க்கலாம்னு வந்த யோசனைய மட்டும் நான் ஒத்துக்கல. மனுசங்கள கன்னோட ஒரே பலகையில வைக்கக் கூடாது. கங்காணி, பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுக்கிறது), லயம் எல்லாத்துக்கும் அடுத்த சுவர் முழுசா இருக்கு.

வரைவு இது, திருத்துங்க:

"நாற்றுப்பேழை. மரச்சட்டமும் கண்ணாடிக் கூரையும் கொண்ட மூடிய பெட்டி. உயிருள்ள செடிகள் இதில் கடல் கடந்தன. மண்ணோடு சில பூச்சிகளும் நோய்களும் கடந்தன. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829-இல் கண்டறிந்ததிலிருந்து உருவானது. தபாஜோஸ் பெண்கள் பின்னிய கூடைகளில் கியூ சென்ற ரப்பர் விதைகளின் கன்றுகள், 1876-இல் இத்தகைய 38 பேழைகளில் இலங்கை சென்றன. மறு ஆண்டு ஒன்பது கன்றுகள் கோலகங்சாரை அடைந்தன."

மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடுங்க, சனிக்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கணும். சொல்லுக்கு நடுவுல 'ப்' வரணும், நாற்றுபேழைன்னு அடிச்சிடப் போறாங்க, புரூப் பாக்குற டீச்சர் அத ஒரு தடவ கவனிச்சிருங்க.