பொருள்: வைரஸ் டிஎன்ஏ செருகிய இடத்தைச் செல் செப்பனிடுதல் – கலைச்சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

முதுகலை நுண்ணுயிரியல் கையேட்டில் 'ஒருங்கிணைப்புக்குப் பிந்தைய பழுதுபார்ப்பு' என்று இருக்கிறது. வாயில் நுழையவில்லை. 'ஒட்டுச்செப்பம்' எனலாமா? சந்தூர் நாற்றங்காலில் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுகிறவர் குச்சியைச் சீவிப் பொருத்திக் கட்டுவதோடு சரி. வாய் கூடுவது செடியின் வேலை. வைரஸ் டிஎன்ஏவைச் செல் டிஎன்ஏவில் செருகும் இன்டெக்ரேஸ் நொதியும் பாதியில் விட்டுவிடுகிற ஆள்தான்.
– தர்மபுரி

> ஒட்டுச்செப்பம்

உவமை பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை ஐயா. மாவொட்டில் இரண்டின் மரபணுக்களும் கலப்பதில்லை. மேலும் டிஎன்ஏ இழையின் வெட்டை மூடும் லைகேஸை 'ஒட்டுநொதி' என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம்.

நடப்பதைப் பார்ப்போம். எச்ஐவி இன்டெக்ரேஸ் வைரஸ் டிஎன்ஏவின் 3' முனை (ஒவ்வோர் இழைக்கும் ஒரு கோடி 3', மறுகோடி 5') ஒவ்வொன்றிலும் இரண்டு நியூக்ளியோடைடை, அதாவது டிஎன்ஏவின் இரண்டு 'எழுத்தை', வெட்டிவிட்டு, அம்முனைகளைச் செல் டிஎன்ஏவின் இரு இழைகளில் 5 நியூக்ளியோடைடு இணை தள்ளிக் கோக்கிறது. 5' முனைகள் சேராமலே நிற்கும். ஆக இரு பக்கமும் 5 நியூக்ளியோடைடு இடைவெளி, இரண்டு நியூக்ளியோடைடு தொங்கல். சோதனைக்குழாயில் செல்லின் நொதிகளான பாலிமரேஸ் பீட்டா இடைவெளியை நிரப்பும், ஃபென்1 தொங்கலை நறுக்கும், லைகேஸ் மூடும். தொங்கல் போகாமல் லைகேஸால் மூட முடியாது. நிரப்பியதன் தடயமாகத்தான் வைரஸின் இருபுறமும் அதே 5 இணை இரட்டிக்கிறது. எலி லுக்கீமியா வைரஸில் இது 4, பறவை சார்கோமா வைரஸில் 6. வரையறையில் எண்ணைப் போட வேண்டாம்.

என் பரிந்துரை: செருகுவாய்ச் செப்பம்.
– கிருஷ்ணகிரி

செருகுவாய் நன்று. ஆனால் கூ, எக்ஸ்ஆர்சிசி4, லைகேஸ் 4 என்னும் டிஎன்ஏ நுனி சேர்க்கும் புரதக் கூட்டத்தை இதற்குள் அடைக்காதீர்கள். அவை செருகாத வைரஸ் டிஎன்ஏவின் இரு நுனிகளையும் சேர்த்து 2-எல்டிஆர் வளையமாக்கும் (எல்டிஆர் என்பது வைரஸ் டிஎன்ஏவின் இரு நுனியிலும் வரும் ஒரே தொடர்). வைரஸுக்கு அது முட்டுச்சந்து. இன்டெக்ரேஸைத் தடுக்கும் ரால்டெக்ராவிர் மருந்தைக் கொடுத்தால் செருகல் தடைபட்டு வளையம் பெருகும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் வளையம் கூடியதைப் பார்த்த மாணவர் 'செப்பம் நடந்தது' என்று எழுதிவைப்பார். எக்ஸ்பிபி, எக்ஸ்பிடி என்ற செப்பனிடு புரதங்களோ வைரஸ் டிஎன்ஏவைக் குறைக்கிற பக்கம். செப்பனிடு புரதம் எல்லாமே வைரஸுக்குத் துணை என்ற தொனியும் வரக்கூடாது.
– ஓசூர்

சரி, இரண்டு பதிவாகவே பிரிக்கிறேன்:

செருகுவாய்ச் செப்பம் – இன்டெக்ரேஸ் கோத்தபின் எஞ்சும் இடைவெளியையும் தொங்கலையும் செல்லின் நொதிகள் சரிசெய்து மூடுதல்.
நுனிச்சேர்ப்பு – செருகாத வைரஸ் டிஎன்ஏவின் நுனிகள் இணைந்து வளையமாதல்.

'நுனிச்சேர்ப்பு'க்கு மாற்று இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.
– தர்மபுரி