வோல் பேப்பரோடு சுவரும் சேர்ந்து வருகிறது

புதுக்குடியிருப்பு அக்கா:
2019இல் மகளின் சாமத்தியச் சடங்குக்காக முன் அறையில் செங்கல் படம் போட்ட ஸ்ரிக்கர் வோல் பேப்பர் ஒட்டினோம். சீமெந்துக் கல் வீட்டுக்குள் செங்கல் படம் எதற்கென்று அம்மா அப்போதே கேட்டவ. இப்போது ஓரமெல்லாம் சுருண்டு, பின்னால் பல்லி குடியிருக்கிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. நேற்று ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பழைய டிஸ்டெம்பர் பூச்சும் பொருக்காக வந்துவிட்டது. உரிக்காமல் மேலேயே பெயின்ற் அடித்தால் என்ன?

பரந்தன் பெயின்ரர்:
வேண்டாம் தங்கச்சி. சுருண்ட ஓரம் புதுப் பெயின்றையும் தூக்கிக்கொண்டு வரும். கடதாசிப் பேப்பர் என்றால் சுடுதண்ணீரில் ஊறவிடலாம். உங்களுடையது பிளாஸ்ரிக், தண்ணீர் உள்ளே போகாது. மகளின் ஹெயார் ட்ரையரை வாங்கி, ஒரு சாண் இடமாகச் சூடு காட்டுங்கள். பசை இளகியதும் பேப்பரை மடக்கி, சுவரோடு ஒட்டினாற்போல் மெல்லக் கீழே இழுங்கள். உங்கள் பக்கம் நேரே இழுத்தால்தான் டிஸ்டெம்பர் பெயரும். நெருப்பு மட்டும் காட்ட வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

வவுனியாத் தம்பி:
மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் பூசித் துடையுங்கள் அக்கா. நானும் அப்படித்தான் செய்தேன்.

பரந்தன் பெயின்ரர்:
அதற்கு மேல் அடித்த பெயின்ற் எப்படி வந்தது தம்பி?

வவுனியாத் தம்பி:
அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக...

பரந்தன் பெயின்ரர்:
எண்ணெய்ப் பிடிப்பு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து துடைத்தால் போதும். பிறகு நல்ல தண்ணீரால் ஒருதரம்.

புதுக்குடியிருப்பு அக்கா:
இரண்டு நாளில் உரித்துவிட்டேன் அண்ணை. ஆனால் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்துக்கு வெள்ளையாக மாப்போல பூத்திருக்கிறது. துடைக்கவா?

பரந்தன் பெயின்ரர்:
தண்ணீர் தொடவே வேண்டாம். அது உப்பு, கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். நிலத்து ஈரம் ஏறியிருக்கிறது, பிளாஸ்ரிக் அதை வெளியே விடவில்லை. ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டிவிட்டு, அடுத்த நாள் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் காயவில்லை. மூன்றடிக்கு மேலே, பெயர்ந்த இடங்களைப் பில்லர் பசையால் நிரப்பி, தேய்த்து, பெயின்ற் அடித்து முடியுங்கள். கீழ் மூன்றடியை இப்படியே விட்டு, சோளகக் காற்றில் நன்றாகக் காயட்டும். ஆவணியில் அந்தப் பட்டைக்குக் கடும் நிறம் அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியாது.

புதுக்குடியிருப்பு அக்கா:
சரி அண்ணை. அதுவரை செற்றியை அந்தப் பக்கம் நகர்த்துகிறேன். பேப்பருக்குப் பின்னால் ஏழு பல்லி முட்டை.